மீன் டாக்டரும் மூணு டிரம் உமிக்கரியும்

மஞ்ச மருந்தா சார்? இல்லையே. தீந்துபோச்சுன்னு சொல்லல, வெக்கிறதையே விட்டுட்டேன். கவர இப்படிக் குடுங்க, பாப்போம். கோல்டு ஃபிஷ்ஷா. வால் ஓரத்துல வெள்ளையா அரிச்சிருக்கு. பொழச்சுக்கும், பயப்படாதீங்க. உங்க பொண்ணு வளக்குதா? பேரு வேற வெச்சிருக்கா? லட்டுவா. சரி, லட்டுவ கவரோட இந்தத் தொட்டியில மிதக்க விடுவோம். இந்தத் தண்ணியோட சூடு அதுக்குப் பழகணும், அரை மணி ஆவும். நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. கோமளா, சாருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. கோமளா என் வீட்டுக்காரி.

யாரு அனுப்புனாங்க உங்கள? மருந்துக் கடை நாதமுனியா? "கரி டாக்டர் வீடு எதுன்னு கேளுங்க, யாரக் கேட்டாலும் காட்டுவாங்க"ன்னு சொல்லியிருப்பானே. சிரிக்கிறீங்க பாருங்க, அப்ப சொல்லியிருக்கான். அதுக்கு ஒரு கதை இருக்கு சார். வேற யாராவது சொன்னா என்னை இன்னும் கேவலமா சொல்லுவாங்க. அதனால நானே சொல்லிடுறேன்.

அதோ செவுத்துல ஒரு போர்டு திருப்பி வெச்சிருக்கு பாத்தீங்களா, மேல லுங்கி காயுதே. அதுல "மீன் டாக்டர் வரதப்பன்"னு எழுதியிருக்கும். நான் படிச்சது ஒம்போதாவது, அதுவும் பாதியில நின்னது. பின்ன எவன் குடுத்தான் டாக்டர் பட்டம்னு கேப்பீங்க. பெயிண்ட்டர் எழுத வந்தப்ப நானே சொன்னேன், "முன்னாடி டாக்டர்னு போட்டுக்கப்பா"ன்னு. அவன் ஒண்ணும் கேக்கல. எழுத்துக்கு இவ்ளோன்னு வாங்குறவன், நாலு எழுத்து கூடுனா அவனுக்கு நல்லதுதானே.

இந்தத் தொழில்ல இருபத்திரெண்டு வருஷம் சார். நாப்பத்திரெண்டு சிமென்ட் தொட்டி. மோலி, கப்பி, ஃபைட்டர், கோல்டு. எந்த மீனுக்கு எந்த நோய் வந்தாலும் என்கிட்ட ஒரே வைத்தியம்தான். வால் அரிச்சா கேப்சூல். கண்ணு வீங்குனா கேப்சூல். தீனி எடுக்கலன்னா கேப்சூல். நல்லா தீனி எடுத்தாலும் கேப்சூல், நாளைக்கு எடுக்காம போயிட்டா? மனுசன் சாப்புடுற அதே ஆன்டிபயாட்டிக்தான். ரெண்டா உடைச்சு தண்ணியில தூவுனா அப்படியே டீ டிகாஷன் மாதிரி மஞ்சளா பரவும். அந்த மஞ்சளப் பாத்தாதான் எனக்குத் தூக்கமே வரும். எனக்கு ஜுரம் வந்தாலும் அந்த டப்பாதான். மீனுக்கு ரெண்டு, டாக்டருக்கு ஒண்ணு.

மூணு நாளைக்கு ஒரு தரம் தொட்டியில பாதித் தண்ணிய மாத்தணும் சார். பழைய தண்ணி எங்க போவும்? இந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு கால்வாய் வெட்டியிருக்கேன். அது வழியா ஒரு பள்ளத்துக்குப் போவும். பள்ளத்துக்கு அந்தாண்ட எஸ்தரக்கா கீரைத் தோட்டம். நாப்பது சென்ட்டு, நடுவுல ஒரு கிணறு. இத்தன வருஷத்துல ஒரு நாளும் நான் அந்தத் தண்ணி பின்னாடி போயி பாத்ததில்ல. வெளிய போவுது, அவ்ளோதான். நம்ம எல்லைய தாண்டிட்டா அப்புறம் அது நம்ம தண்ணியா?

தண்ணி வந்துடுச்சு, குடிங்க.

போன வருஷம் ஒரு காலேஜ் பொண்ணு வந்திச்சு, ஃபர்சானான்னு பேரு. தண்ணியப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாம். தோள்ல பை, பை நிறைய சின்னச் சின்ன பாட்டில். "அங்கிள், மீனுக்கு என்ன மருந்து போடுறீங்க, எவ்ளோ போடுறீங்க?"ன்னு நோட்டுல எழுதிக்கிட்டே கேட்டுச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பேப்பர்ல நம்மளப் பத்தி வரப்போவுதுன்னு நெனச்சேன். உள்ள போயி சட்டைய மாத்திக்கினு வந்தேன் சார். நாப்பத்திரெண்டு தொட்டியையும் சுத்திக் காட்டுனேன். வாரத்துக்கு ஒரு டப்பா போடுறவன், மூணு டப்பான்னு சொன்னேன். ஒண்ணுன்னா ஏதோ சின்னக் கடைன்னு நெனச்சுக்கும்ல. அதுவே மூணு தரம் கேட்டுச்சு, "மூணா அங்கிள்? நிஜமாவா?" நான் "சீசன்ல நாலு"ன்னேன். போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டுச்சு. ரெண்டு கையிலயும் டப்பாவப் புடிச்சிக்கினு, வயித்த உள்ள இழுத்துக்கினு நின்னேன்.

ஒரு மாசம் கழிச்சு அந்த போட்டோவ நான் பேப்பர்ல பாக்கல. பஞ்சாயத்து ஆபீஸ் மேஜை மேல பாத்தேன்.

எஸ்தரக்கா கிணத்துல என் மருந்து இருந்திச்சு சார். அந்தப் பொண்ணு சுத்துவட்டாரத்துல பதினோரு கிணத்துல தண்ணி எடுத்திருக்கு, இந்த ஒரு கிணத்துலதான் கண்டுபுடிச்சிருக்கு. அது பொறுமையாதான் சொல்லிச்சு. இந்த மாதிரி மருந்து தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கலந்துகிட்டே இருந்தா, கிருமி அதுக்குப் பழகிடுமாம். அப்புறம் நிஜமாவே ஒருத்தருக்குப் புண்ணு, ஜுரம்னு வந்து அந்த மருந்தக் குடுத்தா கேக்காதாம். நான் கைய கட்டிக்கினு நின்னேன். எஸ்தரக்கா எழுந்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "வரதா, உன் மீனுக்கு ஜுரம் வந்தா நான் எதுக்கு மாத்திரை சாப்புடணும்?"

அதுக்கு நான் ஒரு பதில் சொன்னேன் பாருங்க. இப்ப நெனச்சாலும் நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருக்கு. "அக்கா, மருந்துதானே, விஷமா? குடிச்சா உனக்கு ஒரு நோயும் வராது"ன்னேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு எதிர்பாத்தேன். ஒருத்தரும் சிரிக்கல.

அன்னையிலேருந்து அவங்க அந்தக் கிணத்துத் தண்ணிய வாயில வெக்கல. தெருமுனைக் குழாயிலேருந்து கொடம் கொடமா சொமந்தாங்க. அறுவது வயசாவுது அவங்களுக்கு. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வர்றவங்க அவங்ககிட்டதான் கீரை வாங்குவாங்க, அதுவும் நின்னுபோச்சு. மருந்துத் தண்ணியில வளந்த கீரைய யாரு வாங்குவா?

பஞ்சாயத்துத் தலைவரம்மா தீர்ப்பு சொன்னாங்க. "மூணு மாசம் டைம். உன் தொட்டித் தண்ணி சுத்தமா வெளிய வரணும். எஸ்தர் என்னைக்கு அந்தக் கிணத்துத் தண்ணிய வாயில வெக்குதோ, அன்னைக்குதான் இந்தப் பஞ்சாயத்து முடியும். இல்லன்னா கால்வாய சிமென்ட் போட்டு அடைச்சுடுவோம்." கால்வாய அடைச்சா நான் தண்ணிய எங்க வுடுறது? நாப்பத்திரெண்டு தொட்டியும் க்ளோஸ். மீன் டாக்டர் வாட்ச்மேன் வேலைக்குதான் போவணும்.

ஃபர்சானாதான் வழி சொல்லிச்சு. நெல்லு உமிய கரியாக்கி மூணு டிரம்ல நிரப்பி, தொட்டித் தண்ணிய அது வழியா வுட்டா, மருந்தக் கரி புடிச்சுக்குமாம். நம்ம பக்கம் ரைஸ் மில்லுக்குப் பஞ்சமா? நான் மறுநாளே போயி எரிஞ்ச உமி வேணும்னேன். ரெண்டு குவியல் காட்டுனாங்க, ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை. அந்தப் பொண்ணு கருப்புன்னு தெளிவா சொல்லியிருந்திச்சு. நான் பாத்தேன், வெள்ளை இன்னும் சுத்தமா இருக்கும்போல தெரிஞ்சுது. ஒரு வண்டி வெள்ளையக் கொட்டிக்கினு வந்தேன். தலைவரம்மாவையும் பத்து பேரையும் கூப்ட்டு வெச்சு, டிரம்ம தொறந்து வுட்டேன் சார். கொத்தனார் வாளி கழுவுன தண்ணி மாதிரி வந்துது. தலைவரம்மா புடவைய தூக்கிப் புடிச்சிக்கினு ரெண்டடி பின்னால போனாங்க.

"அங்கிள், இது சாம்பல்"னுச்சு ஃபர்சானா. "முழுசா எரிஞ்சுபோச்சு. கரின்னா பாதி எரியும்போதே மூச்சு முட்டி நிக்கணும். அப்பதான் உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையா இருக்கும். மருந்து அதுக்குள்ள போயி ஒட்டிக்கும்."

நான் அதெல்லாம் தெரியும்ங்கிற மாதிரி தலைய ஆட்டுனேன். காது குடுத்துக் கேட்டது கோமளாதான். மறுநாள் காலையில பழைய தார் டிரம்ல உமியக் கொட்டி, கொளுத்தி, கிட்டயே நின்னா. உமி கருத்துக்கினே வந்து, வெள்ளையாவப் போற நேரத்துல டக்குனு மூடியப் போட்டு ஈர சாக்கால அடைச்சா. ஆறுனப்புறம் தொறந்தா மை மாதிரி கருப்பு. எண்ணி ஆறு நாள், மூணு டிரம்மும் ரொம்பிடுச்சு. நான் என்ன செஞ்சேன்னு கேக்குறீங்களா? டிரம் மேல "1, 2, 3"ன்னு பெயிண்ட்ல எழுதுனேன்.

அது வேலை செஞ்சுது சார். ஃபர்சானா டெஸ்ட் பண்ணிக் குடுத்த பேப்பர்ல, நூறு பங்கு மருந்துல தொண்ணூறு பங்க கரியே புடிச்சிக்கிச்சுன்னு இருந்திச்சு. நான் அத லேமினேஷன் பண்ணி எஸ்தரக்கா கையில கொண்டுபோயி குடுத்தேன். அவங்க கண்ணாடியப் போட்டுக்கினு ரெண்டு பக்கமும் படிச்சாங்க. பின்பக்கம் ஒண்ணுமே இல்ல, அதையும் பாத்தாங்க. திருப்பி என்கிட்டயே குடுத்துட்டு, கொடத்த எடுத்துக்கினு தெருக்குழாய்க்குப் போனாங்க.

இத்தோட வுட்டிருந்தா நான் ஏன் சார் கரி டாக்டர் ஆவப்போறேன்? எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. வெளிய போற தண்ணியையே இப்படிப் பளிச்னு ஆக்குதுன்னா, உள்ளயே போட்டா மீனு எப்படி மினுமினுன்னு இருக்கும்? கொசுவலைத் துணியில கரியக் கட்டி, தொட்டிக்கு ஒரு மூட்டை போட்டேன். நாப்பத்திரெண்டு மூட்டை. கோமளா ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலன்னா நான் சரியாதான் செய்யறேன்னு அர்த்தம், அப்படித்தான் நான் எப்பவும் எடுத்துப்பேன்.

அடுத்த வாரமே எட்டு தொட்டியில கோல்டு ஃபிஷ்ஷுக்கு வால் அரிக்க ஆரம்பிச்சுது. உங்க லட்டுவுக்கு வந்திருக்கே, அதேதான். டாக்டர் எழுந்துட்டாரு. மருந்த நிறுத்துறேன்னா நான் ஃபர்சானாகிட்ட சொன்னேன்? குறைக்கிறேன்னுதான் சொன்னேன். ரெண்டு கேப்சூல் போட்டேன். சாயந்திரம் வந்து பாத்தா மஞ்சளக் காணோம். நாலு போட்டேன். காணோம். எட்டு போட்டேன். விடிஞ்சா தண்ணி விளம்பரத்துல காட்டுற மாதிரி இருக்கு. ஒரு வாரத்துல மூணு டப்பா காலி. எனக்கு வயித்தெரிச்சல். ஃபர்சானாகிட்ட பொய்யா சொன்ன கணக்கு இப்ப நெசமாவே ஆவுது, ஆனா மஞ்சள மட்டும் காணோம்.

நான் முடிவு பண்ணிட்டேன், நாதமுனி டூப்ளிகேட் மருந்த வித்துட்டான்னு.

இருவது வருஷப் பழக்கம் சார் அவன். என் கல்யாணத்துல முன்னாடி நின்னு பந்தி பரிமாறுனவன். ஞாயித்துக்கெழம வளப்பு மீன் மார்க்கெட்ல நிக்க எடம் இருக்காது, அந்தக் கூட்டத்துல போயி டப்பாவ அவன் கல்லா மேல வீசுனேன். "ஏன்டா, மாவ அடைச்சு மருந்துன்னு விக்கிறியா?"ன்னு கத்துனேன். நல்ல கூட்டம் சேந்துச்சு. கூட்டம் சேந்தா எனக்குக் குரல் இன்னும் ஏறும்.

நாதமுனி கோவமே படல. கண்ணாடி கிளாஸ்ல தண்ணி மொண்டான். என் டப்பாவிலேருந்தே ஒரு கேப்சூல எடுத்து உடைச்சுப் போட்டான். மஞ்சளா பரவுச்சு. "உன் தொட்டிக்குள்ள என்ன வெச்சிருக்க வரதா?"ன்னான்.

"கரி"ன்னேன்.

பக்கத்துல கப்பி வாங்க வந்த ஒரு அம்மா சொல்லிச்சு, "ஐயையோ, மருந்து போடும்போது ஃபில்டர்லேருந்து கரிய எடுத்துடணுமே. மீன் மருந்து டப்பாலயெல்லாம் எழுதியிருக்குங்களே." வீட்ல ஒரு கண்ணாடித் தொட்டி வெச்சிருக்கவங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம் சார் அது. ஒரு மாசமா நான் வர்றவன் போறவனையெல்லாம் நிறுத்தி, லேமினேஷன் பேப்பரக் காட்டி, கரி மருந்தத் தின்னும்னு கிளாஸ் எடுத்துக்கினு இருக்கேன். பின்பக்கம் டிரம்ல தின்னுற கரி, முன்பக்கம் தொட்டியில மட்டும் விரதம் இருக்குமா? மார்க்கெட்டே சிரிச்சுது. டீக்கடைக்காரன் ஃபில்டரக் கையில வெச்சிக்கினு சிரிச்சான். கரி டாக்டர்ங்கிற பேரு அன்னைக்கு வெச்சதுதான்.

பஸ்ஸுல வரும்போதே ஒரு முடிவோட வந்தேன். மூட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டு, ஒழுங்கா மருந்து போட்டு, மீனக் காப்பாத்திக் காட்டணும்னு. லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு மொதத் தொட்டியில கைய வுடுறேன், கோமளா கையப் புடிச்சா. "மொதல்ல மீனப் பாருங்க"ன்னா.

பாத்தேன் சார். வால் ஓரத்துல கண்ணாடி மாதிரி புதுசா வளந்திருந்திச்சு. அடுத்த தொட்டியிலயும் அப்படித்தான். எட்டு தொட்டியும் பாத்தேன். மூணு மீனு போயிருந்திச்சு, மத்ததெல்லாம் தீனிக்கு மேல வந்து வாயத் தொறக்குது. எட்டு நாளா அதுங்களுக்கு ஒரு துளி மருந்து போயி சேரல. சுத்தமான தண்ணி இருந்திச்சு, அவ்ளோதான்.

"தொட்டியில போட்ட கரியும் மருந்தத் தின்னுடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னேன்.

"ஃபர்சானா அன்னைக்கே சொல்லிச்சே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கரிய எடுத்திருப்பீங்க"ன்னுட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா.

இதே ஸ்டூல்லதான் சார் உக்காந்தேன். மார்க்கெட்ல சிரிச்சதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு. இருபத்திரெண்டு வருஷமா எத்தன டப்பா போட்டிருப்பேன். அதுல எத்தன மீனுக்கு நெசமாவே வேணுமா இருந்திச்சு? தொட்டிய நேரத்துக்குக் கழுவ சோம்பேறித்தனம், அதுக்குப் பதிலா மஞ்சள ஊத்தியிருக்கேன். ஊத்துனதெல்லாம் எஸ்தரக்கா கிணத்துக்குப் போயிருக்கு. மீனுக்கு நெசமாவே தேவைப்பட்டு ஊத்தி அவங்களுக்குக் கெடுதல் வந்திருந்தாகூட ஒரு சமாதானம் சொல்லிக்கலாம். ஒண்ணுத்துக்கும் ஆவாததுக்கு ஊத்தியிருக்கேன். வெக்கமா இருந்துது சார்.

அன்னையோட டப்பா வாங்குறத நிறுத்திட்டேன். நாதமுனிகிட்ட போயி தப்புன்னு சொன்னேன். அவன் டீ வாங்கிக் குடுத்தான், குடுத்துட்டு பேர மட்டும் விடமாட்டேன்னுட்டான்.

மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கு எல்லாரும் எஸ்தரக்கா கிணத்துக்கிட்ட கூடுனோம். ஃபர்சானா புது பேப்பர் கொண்டாந்திச்சு. என் கால்வாய்த் தண்ணியில மருந்து இல்ல. ஒரு மழை நல்லா பெஞ்சதுல கிணத்துலயும் இப்ப ஒண்ணும் தெரியல, குடிக்கலாம்னு சொல்லிச்சு. முடிஞ்சுதுடா சாமின்னு நெனச்சேன்.

எஸ்தரக்கா வாளிய வுட்டுத் தண்ணி எறைச்சாங்க. ஒரு சொம்புல ஊத்துனாங்க. என் எதிர்ல வந்து நீட்டி, "நீ குடி வரதா"ன்னாங்க.

வாங்குனேன். வாய்கிட்ட கொண்டுபோனேன். போனவன் நின்னுட்டேன் சார். ஒரு நொடிதான். நெசமாவே ஒண்ணும் இல்லையா, அந்தப் பொண்ணு சரியாதான் பாத்திச்சான்னு ஒரு யோசனை. மருந்துதானே, விஷமான்னு கேட்டவன் நான். குடிச்சா ஒரு நோயும் வராதுன்னு சொன்ன டாக்டர் நான். அந்த ஒரு நொடி என் கண்ணத்தான் பாத்துக்கினு இருந்தாங்க அவங்க.

அப்புறம் குடிக்கப் போனேன். சொம்ப என் கையிலேருந்து மெதுவா வாங்கி, தண்டுக்கீரைப் பாத்தியில ஊத்திட்டாங்க.

தலைவரம்மா கால்வாய அடைக்கல. தண்ணி சுத்தமாதானே போவுதுன்னுட்டாங்க. ஆனா பஞ்சாயத்து முடியல. அவங்க இன்னும் குடிக்கலையே.

மறுநாள்லேருந்து காலையில ஆறு மணிக்கு நானே ஒரு டம்ளர எடுத்துக்கினு அங்க போறேன். எறைச்சு, அவங்க பாக்க ஒரு டம்ளர் முழுசா குடிச்சிட்டு வர்றேன். இன்னியோட பத்தொம்போது நாள். அவங்க ஒண்ணும் சொல்றதில்ல, நான் குடிச்சு முடிச்சதும் கொடத்த எடுத்துக்கினு தெருக்குழாய்க்குப் போயிடுறாங்க. முந்தாநேத்து மட்டும் ஒரு வார்த்த பேசுனாங்க. "கயித்த ஒழுங்கா சுத்தி வெச்சுட்டுப் போ." அத நான் கோமளாகிட்ட நாலு தரம் சொல்லிட்டேன்.

சரி, லட்டு தயாரா இருக்கு. ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும், பொண்ணுகிட்ட சொல்லுங்க டாக்டர் பாத்துக்குறாருன்னு. மருந்து வேணாம். இந்தக் கரி மூட்டைய உங்க ஃபில்டர்ல வைங்க, மாசத்துக்கு ஒரு தரம் மாத்துங்க. தண்ணிய சோம்பல் படாம மாத்துனாலே போதும்.

என்ன சார், டம்ளர் அப்படியே இருக்கு? ஆமா, அந்தக் கிணத்துத் தண்ணிதான். இப்பல்லாம் காலையில வரும்போது ஒரு கொடம் வீட்டுக்கும் கொண்டாந்துடுறேன். எடுத்துக்குங்க.

எடுத்தீங்க, வாய்கிட்ட போனீங்க, கீழ வெச்சுட்டீங்க. பரவால்ல சார், வெச்சுடுங்க. எனக்குத் தெரியும் அந்த யோசனை.

கோமளா, சாருக்குக் கேன் தண்ணி கொண்டா.